வக்கீல் ஆபீஸ் கிராணியும் வியாபாரியின் இரகசியமும்

நம் வியாபாரிகளில் அநேகர் வக்கீலிடம் போவதாகச் சொல்லிக்கொள்கிறார்களே தவிர, உண்மையில் போவது வக்கீலின் கிராணியிடந்தான். சிரம்பானிலோ கோலப்பிலாவிலோ தம்பினிலோ ஓர் ஆபீஸுக்குள் நுழைந்தால், தமிழில் வரவேற்று, விஷயத்தைக் கேட்டு, காகிதங்களை வாங்கிப் பார்த்து, ஆங்கிலத்திலோ மலாயிலோ குறித்துக்கொள்பவர் அவரே. வக்கீலை நாம் காண்பது கையெழுத்துப் போடும் கால்மணி நேரத்தில். கடை யார் பேரில் இருக்கிறது, பங்காளிக்கு எவ்வளவு பாக்கி, ஊரிலுள்ள குடும்பத்துக்கு என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்பனவெல்லாம் முதலில் கிராணியின் மேசையில்தான் கொட்டப்படுகின்றன. அந்த மேசைக்குரிய கடமை யாது, அதன் எதிரே உட்காரும் நமக்குள்ள கடமை யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில் முறையில் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வக்கீல் வெளியிடலாகாது என்கிறது. வழக்கு முடிந்து பீஸைக் கட்டிவிட்டு நாம் வந்துவிட்ட பிறகும் இக்கடமை நீடிக்கும். அடுத்துள்ள 127ஆம் பிரிவு மிகச் சிறியது. ஆனால் நமக்கு அதுவே முக்கியமானது. மொழிபெயர்ப்பாளர், வக்கீலின் குமாஸ்தா, பணியாள் ஆகியோருக்கும் அதே கட்டு உண்டு என்று அது சொல்லுகிறது. ஆகவே “நான் வெறும் கிராணிதானே” என்ற பேச்சுக்கு இடமில்லை.

இந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. சட்டவிரோதமான காரியத்தை நடத்திக்கொள்வதற்காகச் சொன்ன சொல்லுக்குக் காப்பு இல்லை. இதற்குச் சட்டமே காட்டும் உதாரணம் கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. பணக் கையாடல் வழக்கில் சிக்கிய ஒருவர் வக்கீலை அமர்த்துகிறார். வழக்கு நடக்கும்போது, முன்னர் பேரேட்டில் இல்லாத ஒரு வரி இப்போது புதிதாக ஏறியிருப்பதை வக்கீல் காண்கிறார். அதை அவர் மறைக்க வேண்டியதில்லை. இரவோடிரவாகக் கணக்கைத் ‘திருத்தி’ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னொன்று. துணைக்கு என்று பக்கத்துக் கடைக்காரரை அழைத்துக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வக்கீலையும் கிராணியையும் கட்டும் பிரிவு, சும்மா உடன் உட்கார்ந்திருக்கும் நண்பரைக் கட்டாது. மனு எழுதிக் கொடுக்கும் தோட்டத்துக் கிராணியையும் கட்டாது.

இனி, தோட்டக் கடை வைத்திருப்போருக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். தொழிலாளரே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான். பிற்காலத்தில் நீலாய், லாபு பக்கங்களில் பால்மரமும் செம்பனையும் போய் வீட்டு மனைகள் வந்தன. எந்தக் காலமானாலும், தோட்டம் கைமாறும் செய்தி லயத்துக்கு எட்டுமுன் வக்கீல் ஆபீஸுக்கு எட்டிவிடுகிறது. கிரயப் பத்திரம் அங்கேதானே தயாராகிறது!

அந்த ஆபீஸ் கிராணி நம் கடைக்குத் தேநீர் குடிக்க வந்து, “பாய், அடுத்த மாதத்தோடு பற்றை நிறுத்திக்கொள்ளுங்கள், காரணம் கேட்காதீர்கள்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசியும் எண்ணெயும் கடனாகக் கொடுத்துச் சம்பள நாளில் வசூலிக்கும் கடைக்காரருக்கு இதைவிட இலாபமான சொல் வேறு இல்லை. பலர் இதை நன்றியோடு ஏற்றுக்கொள்வார்கள். “நாம் கேட்கவில்லையே, அவராகச் சொன்னார்” என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்.

இது சரியல்ல என்பதே நம் கருத்து. அந்தச் செய்தி கிராணியின் சொத்துமல்ல, வக்கீலின் சொத்துமல்ல. தோட்டத்தை விற்பவர் ஒப்படைத்த அமானிதம். அதை வாங்கிக்கொண்டு பற்றை நிறுத்தினால், ஏன் என்று அறியாத தொழிலாளிக் குடும்பம் அந்த மாதமே அரிசிக்குத் திண்டாடும். நில அளவைக்காரர் வந்து கல் நாட்டியதைக் கண்டோ, பத்திரிகையில் படித்தோ கடனைச் சுருக்கினால் அது வியாபார விவேகம். அதை நாம் குறை சொல்லவில்லை. தொழிலாளருக்குச் செய்தி தெரிய வேண்டாமா என்றால், கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் முதலாளி. உடைமை கைமாறுவதால் வேலை போகுமானால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்தாண்டுக்குக் குறைந்ததற்கு 6 வாரம், அதற்கு மேற்பட்டதற்கு 8 வாரம் முன்னறிவிப்பு உண்டு. கடைக்கு வருவோரிடம் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்ல எந்த இரகசியமும் நமக்குத் தேவையில்லை.

மேலும், பிறர் விஷயத்தை நம்மிடம் சொன்ன நாக்கு, நம் விஷயத்தை நம் பங்காளியிடம் சொல்லக் கூசாது. பெருநாளைக்குக் கிராணிக்கு ஒரு பிஸ்கட் டின் கொடுப்பதில் பிழையில்லை; செய்திக்குக் கூலியாகக் கொடுப்பதுதான் வேறு கணக்கு.

இரு பக்கத்துக்கும் ஒரே வக்கீலை வைத்துக்கொள்வதும் நம்மவருக்குப் பழக்கம், செலவு குறைகிறதல்லவா? வீடு கட்டி விற்கும் நிறுவனத்தின் வக்கீல் அதே வீட்டை வாங்குபவருக்கும் வேலை செய்யலாகாது என்று 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டத்தின் 84ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. கடைப் பங்கு பிரிவதிலும் அதே ஆபத்து உண்டு. இருவர் இரகசியமும் ஒரே கட்டில் கிடக்கும். சச்சரவு வந்தால் அந்த ஆபீஸ் யாருக்காகப் பேசும்?

புரூணை இளவரசர் ஜெஃப்ரி போல்கியா வழக்கு இதற்கு நல்ல பாடம். அவருடைய சொந்த விவகாரங்களில் வேலை செய்த கே.பி.எம்.ஜி. கணக்காய்வு நிறுவனம், பின்னர் அவர் சம்பந்தப்பட்ட பணமாற்றங்களை ஆராய எதிர்ப்பக்கத்துக்கு வேலை ஏற்றது. வேறு ஆட்களை வைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறோம் என்றது நிறுவனம். அது போதாதென்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1998 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள் உள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு வக்கீலும் இரண்டு கிராணிகளும் உள்ள மாடி ஆபீஸில் சுவரை எங்கே எழுப்புவது?

ஆகவே ஆபீஸுக்குள் நுழைந்ததும் கதையைத் தொடங்கிவிடாமல், எதிர்க்கட்சிக்காரரின் பெயரை மட்டும் முதலில் சொல்லி, “இவருக்கு நீங்கள் வேலை செய்கிறீர்களா, முன்பு செய்ததுண்டா, உறவோ கொடுக்கல் வாங்கலோ உண்டா?” என்று கேட்க வேண்டும். கிராணி வேறு ஆபீஸிலிருந்து புதிதாக வந்தவராயின், அந்தப் பழைய ஆபீஸ் எதுவென்றும் கேட்கலாம். நல்ல கிராணி இதற்குக் கோபிக்க மாட்டார்; நாம் கேட்குமுன் அவரே கேட்டிருப்பார்.