பிடித்த பிறகு விழும் அடி

போலீஸ் பிடித்த ஒருவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வெளிவந்தால் அதன் கீழே வாழ்த்துகள் குவிகின்றன. "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்ற விளக்கத்தை யாருமே நம்புவதில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே பகிர்கிறோம். அடி வாங்கியவன் யோக்கியனா, அயோக்கியனா என்பதே முழு விவாதமும் ஆகிவிடுகிறது. சட்டம் கேட்பதோ வேறு: அவர் திமிறினாரா? பிடிக்க எவ்வளவு பலம் தேவைப்பட்டது? பிடிபட்டதும் அது நின்றதா?

நம்பிக்கை: கைது செய்யும்போது போலீஸ் எப்படியும் அடிக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு கைது செய்யும் முறையைச் சொல்கிறது. சொல்லாலோ செயலாலோ உடன்பட்டுவிட்டவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ, பிடிப்பதற்குத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம். போலீஸ் அடியை ஆதரிப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 46ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: தப்பாமல் தடுப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது. ஓடுகிறவரைத் துரத்திக் கீழே தள்ளி மடக்குவது சட்டம் அனுமதிக்கும் பலம். அவர் அடங்கிய பிறகு விழும் முதல் லத்தி அடியே குற்றம். அவர் கொலை செய்தவராகவே இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

நம்பிக்கை: தப்பி ஓடினால் சுட்டுக் கொல்லலாம்.

மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க 43ஆம் பிரிவு உரிமை தரவில்லை. கடுமையான வழக்குகளிலும் 'தற்காப்புக்காகச் சுட்டோம்' என்று சொன்னால் மட்டும் போதாது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனால் சுதந்திரமான விசாரணை நடக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் பிடிபட்ட 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீசார் மீது பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது. இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றத்தில் கிடைத்திருக்க வேண்டிய தீர்ப்பும் அவர்களோடு போய்விட்டது.

நம்பிக்கை: ரெண்டு தட்டு தட்டினால்தான் உண்மை வரும்.

போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. அதை வாங்குவதற்காக அடித்துக் காயப்படுத்துவதற்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு. கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரை, காரில் இருந்த நகை காணாமல் போனதாக வந்த புகாருக்காகப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். அந்த இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அடிக்கு எந்த உண்மையும் கிடைக்கவில்லை. ஒரு தாய் மகனை இழந்ததுதான் மிச்சம்.

நம்பிக்கை: ரவுடிகளைத்தானே அடிக்கிறார்கள், நமக்கென்ன?

சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் ரவுடிகள் அல்ல. செல்போன் கடை வைத்திருந்தவர்கள். ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் 2020 ஜூன் 19 அன்று பிடிபட்டவர்கள், அடுத்த சில நாட்களிலேயே ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அவர்களே தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தது முதல் தகவல் அறிக்கை. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு ஸ்டேஷன் கேமராப் பதிவும் கிடைக்கவில்லை. அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். அன்று நடந்ததைப் பயத்தையும் மீறிச் சொன்னவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். அந்தத் துணிச்சலை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம். அந்த ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம்பிக்கை: பிடித்துப் போன பிறகு குடும்பத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முடியும். கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்லலாம். இவற்றில் பலருக்கும் தெரியாதது மருத்துவப் பரிசோதனை. கைதானதும் டாக்டர் பார்த்து, உடலில் என்னென்ன காயங்கள், அவை சுமார் எந்த நேரத்தில் பட்டிருக்கும் என்று எழுத வேண்டும். அதன் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.