கத்துற வைரஸ் பொய், கமுக்கமா வர்றதுதான் நிஜம்

ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா நம்பர்லேருந்து போன். பேசினது அம்மா. "ஏய், என் போன்ல 13 வைரஸ் இருக்காம்டி. ரெண்டு நிமிஷத்துல போட்டோவெல்லாம் அழிஞ்சிடுமாம். என்ன பண்ணட்டும்?"

விட்டுப்போன சீரியல் எபிசோடைப் பார்க்க அம்மா ஏதோ ஒரு வெப்சைட்டுக்குப் போயிருக்காங்க. திடீர்னு திரை முழுக்க சிவப்பு. மேலே கூகுள் முத்திரை, நடுவுல அம்மாவோட போன் மாடல் பேரு, கீழே குறைஞ்சுக்கிட்டே வர்ற நேரம். கையில இருக்கிற போன் வேற அதிருது. 'உடனே சுத்தம் செய்'னு ஒரு பச்சை பட்டன். அம்மா அதைத் தொடாம எனக்குக் கூப்பிட்டாங்க பாருங்க, அதுதான் அன்னிக்கு அவங்க செஞ்ச பெரிய காரியம்.

தங்கச்சிகளா, குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்வாங்களே, அது இதுக்கு அப்படியே பொருந்தும். இப்படிக் கத்துற எச்சரிக்கை வைரஸே இல்ல, அது ஒரு விளம்பரம். நிஜமா கெடுதல் பண்றது சத்தமே போடாம உள்ளே வரும். ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது, எதுக்கு என்ன செய்றதுன்னு வரிசையா சொல்றேன்.

1. அந்தப் பக்கத்துக்கு உங்க போனைச் சோதிக்கவே முடியாது

பிரவுசர்ல திறக்கிற எந்த வெப்சைட்டாலும் உங்க போனுக்குள்ள புகுந்து வைரஸ் தேட முடியாது. அப்போ மாடல் பேரு எப்படித் தெரிஞ்சுது? அதை பிரவுசரே வெப்சைட்டுக்குச் சொல்லும். சில திரையில ஊர் பேரும் வரும், அதை இன்டர்நெட் இணைப்பை வச்சு ஊகிச்சிடுவாங்க. போனை அதிர வைக்கிற வசதியும் ஆண்ட்ராய்டு பிரவுசர்ல இருக்கு. கூகுள் முத்திரைங்கிறது வெறும் படம், யார் வேணும்னாலும் ஒட்டலாம். நேரம் ஓடுறது உங்களை யோசிக்க விடாம இருக்கத்தான். அது முடிஞ்சா ஒண்ணும் ஆகாது. அம்மாவை போனைக் கீழே வச்சுட்டுக் காத்திருக்கச் சொன்னேன். நேரம் சைபருக்கு வந்துச்சு, போட்டோ எல்லாம் பத்திரமா இருந்துச்சு.

2. உள்ளே இருக்கிற எந்த பட்டனையும் தொடாதீங்க

'ஓகே', 'கேன்சல்', மூலையில இருக்கிற பெருக்கல் குறி, எதுவுமே வேண்டாம். பெருக்கல் குறியும் அந்தப் படத்துலயே வரைஞ்சதா இருக்கலாம். போனோட ஹோமுக்குப் போங்க, ஓடிக்கிட்டிருக்கிற ஆப்களோட பட்டியல்ல பிரவுசரை மேலே தள்ளி மூடுங்க. மறுபடி திறக்கும்போது அதே பக்கம் வந்தா, ஏரோபிளேன் மோடைப் போட்டுட்டு பிரவுசரைத் திறந்து அந்த டேபை மூடுங்க. அப்புறம் பிரவுசர் செட்டிங்ஸ்ல ஹிஸ்டரி, கேஷ் ரெண்டையும் அழிச்சிடுங்க.

அந்தத் திரையில போன் நம்பர் இருந்தா கூப்பிடவே கூடாது. எடுக்கிறவர் ரொம்ப மரியாதையா பேசி, ஸ்கிரீன் ஷேரிங் ஆப்பைப் போட வைப்பார். அதுக்கப்புறம் நீங்க அடிக்கிற பின் நம்பர் அவர் கண் முன்னாடி இருக்கும்.

3. பிரவுசரை மூடியும் எச்சரிக்கை வருதா? நோட்டிஃபிகேஷனைப் பாருங்க

நிறைய பேர் போன்ல இருக்கிற கோளாறு இதுதான். 'நான் ரோபோ இல்லைன்னு காட்ட அலவ் கொடுங்க'ன்னு ஏதோ வெப்சைட் கேட்டிருக்கும், நீங்களும் கொடுத்திருப்பீங்க. அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப நீங்க தந்த அனுமதி. குரோம்ல செட்டிங்ஸ், அதுல சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ் போய்ப் பாருங்க. தெரியாத பேரு எதுவா இருந்தாலும் பிளாக் பண்ணுங்க. அம்மா போன்ல இப்படி ஏழு வெப்சைட் இருந்துச்சு. எடுத்ததோட அமைதி.

ஐபோன்காரங்களுக்கு இது வேற வழியா வரும். காலண்டர்ல 'உங்க போன்ல வைரஸ்'னு நிகழ்ச்சி நிகழ்ச்சியா வந்து விழும். தெரியாம ஒரு காலண்டருக்கு சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம். காலண்டர் ஆப்புல அந்த சப்ஸ்கிரிப்ஷனை நீக்கினா போதும்.

4. பயத்துல 'ஆன்டிவைரஸ்' தேடி ஓடாதீங்க

2014-ல 'வைரஸ் ஷீல்டு'னு ஒரு ஆப் பிளே ஸ்டோர்லயே காசுக்கு வித்துச்சு. பத்தாயிரம் பேருக்கு மேல வாங்கினாங்க. அது செஞ்ச ஒரே வேலை, தொட்டதும் பெருக்கல் குறியை டிக் குறியா மாத்தினதுதான். விஷயம் வெளியே வந்ததும் கூகுள் ஆப்பை நீக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு. பிளே ஸ்டோர்லயே இப்படின்னா, சிவப்புத் திரை காட்டுற ஆப் எப்படியிருக்கும்?

ஆண்ட்ராய்டு போன்ல 2017-லேருந்து பிளே புரொடெக்ட்னு ஒரு காவல் கூடவே வருது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்க படத்தைத் தொட்டு, பிளே புரொடெக்ட்ல ஸ்கேன் கொடுங்க. இலவசம். சந்தேகம் வந்தா எச்சரிக்கை காட்டுற வழியில போகாம, நீங்களே நேரா பிளே ஸ்டோருக்குப் போய்ப் பாருங்க.

5. நிஜ ஆபத்து கல்யாணப் பத்திரிகையா வரும்

இப்போ சத்தம் போடாத ஆளைப் பத்தி. எங்க சித்திக்கு வாட்ஸ்அப்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு, தெரிஞ்ச உறவுக்காரர் நம்பர்லேருந்தே. திறந்தாங்க, 'இன்ஸ்டால்' கேட்டுச்சு, கொடுத்துட்டாங்க. பத்திரிகையும் வரல, சிவப்புத் திரையும் வரல. அந்தக் கோப்பு உறவுக்காரர் போன்ல முதல்ல புகுந்து, அவர் பேர்லயே எல்லாருக்கும் போயிருக்கு.

இதே கோப்பு டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி, பிஎம் கிசான் பணம்னு பல வேஷத்துல வரும். பேரோட கடைசியைப் பாருங்க. 'ஏபிகே'ன்னு முடிஞ்சா அது ஆப், பத்திரிகை இல்ல. பத்திரிகை படமா வரும், பிடிஎஃபா வரும், வீடியோவா வரும். எதுவும் இன்ஸ்டால் பண்ணச் சொல்லாது. அனுப்பினவர் தெரிஞ்சவரா இருந்தா வாட்ஸ்அப்ல கேட்காதீங்க, போன் போட்டுக் குரலைக் கேளுங்க. அபராதம்னு வந்தா பரிவாஹன் இ-சலான் வெப்சைட்டை நீங்களே அடிச்சு வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க.

இந்த ஆப்கள் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தா ஓடிபி நேரா திருடன் கைக்குப் போகும். 'ஆக்சசிபிலிட்டி' அனுமதி அதைவிட மோசம், திரையில இருக்கிறதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலா பட்டனைத் தொடவும் அதால முடியும். டார்ச்லைட், பத்திரிகை, கூப்பன் எதுவும் இதையெல்லாம் கேட்க நியாயமே இல்ல.

6. இன்ஸ்டால் பண்ணியாச்சா? இந்த வரிசையில செய்ங்க

முதல்ல ஏரோபிளேன் மோட். வைஃபையும் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. ஓடிபி வெளியே போற வழி அடைபடும்.

அடுத்து, வேற போன்லேருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கையும் கார்டையும் நிறுத்தி வைங்க. பாஸ்வேர்டு, யூபிஐ பின் எல்லாத்தையும் சுத்தமான போன்லேருந்து மாத்துங்க.

பணம் போயிருந்தா உடனே 1930-க்கு அடிங்க. இது நாடு முழுக்க இருக்கிற சைபர் மோசடி உதவி எண். பணம் ஒரு கணக்குலேருந்து இன்னொண்ணுக்குத் தாவுறதுக்குள்ள முடக்கப் பார்ப்பாங்க, அதனால ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

அப்புறம் ஆப்பை நீக்குங்க. பவர் பட்டனை அழுத்தி, திரையில வர்ற 'பவர் ஆஃப்'ஐ நீளமா அழுத்தினா பல போன்கள்ல சேஃப் மோட் கேட்கும். அதுல நாம போட்ட ஆப் எதுவும் ஓடாது. செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பட்டியலைத் திறந்து நீக்கிடுங்க. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தா, 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்'ல அதுக்குக் கொடுத்த அதிகாரத்தை முதல்ல எடுங்க.

நெட்வொர்க்கை மறுபடி ஆன் பண்ணினதும் ##002# அடிங்க. உங்களுக்கு வர்ற போனை வேற நம்பருக்குத் திருப்பி வச்சிருந்தா அது ரத்தாகும்.

எதுவும் சரிவரலைன்னா போட்டோவையும் நம்பர்களையும் மட்டும் எடுத்து வச்சுட்டு ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க. பழைய ஏபிகே கோப்பைத் திரும்ப உள்ளே கொண்டு வந்துடாதீங்க.

7. மறைக்காதீங்க, மறைக்க வைக்காதீங்க

சித்திக்குப் பணம் போனதைவிட எனக்கு வலிச்சது வேற. பத்திரிகையைத் திறந்த அன்னிக்கே ஏதோ சரியில்லைன்னு சித்திக்குத் தோணியிருக்கு. பசங்க திட்டுவாங்கன்னு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. பணம் போனது ரெண்டாவது நாள்.

ரிசர்வ் வங்கி 2017-ல கொண்டு வந்த விதி இது. நம்ம கவனக்குறைவால பணம் போயிருந்தாலும், வங்கிக்குச் சொன்ன நேரத்துக்கு அப்புறம் போற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. சொல்றதுக்கு முன்னாடி போனது நம்ம தலையில. பயந்து வாயை மூடிக்கிட்டிருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருக்கு.

அதனால இன்னிக்கு ராத்திரியே உங்க அம்மா போனை வாங்கி மூணாவது டிப்ஸைச் செஞ்சு கொடுங்க. ரெண்டே நிமிஷ வேலை. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்க: "போன்ல என்ன வந்தாலும், தப்பா எதைத் தொட்டிருந்தாலும், எந்நேரமா இருந்தாலும் முதல்ல என்னைக் கூப்பிடும்மா. நான் திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இருங்க.