புகைக்குண்டு ஒரு விரல் தூரத்தில்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாடுபவரின் இடக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு கீகளை விட்டு நகர்வதில்லை. ஓடுவதும் ஒதுங்குவதும் அவற்றில்தான். புகைக்குண்டை எடுக்கும் கீயோ மேல்வரிசையில், 8-இல். அதை எட்டித் தொடுவதற்குள் எதிரி சுட்டுவிடுவான். 4-ஐத் தட்டித் தட்டியும் வரலாம். பதற்றத்தில் ஒரு தட்டு கூடினால் கைக்கு வருவது வேறு குண்டு. விரும்பிய வேலையை விரும்பிய கீயில் கட்ட, 1996-இல் வெளியான குவேக் விளையாட்டின் காலத்திலிருந்தே ஒரு கட்டளை உண்டு: பைண்ட்.

முதலில் செட்டிங்ஸின் 'கேம்' பகுதியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெவலப்பர் கன்சோலுக்கு 'யெஸ்' கொடுக்க வேண்டும். பிறகு எஸ்கேப்புக்குக் கீழே உள்ள கீயைத் தட்டினால் கன்சோல் திறக்கும்.

புகைக்குண்டுக்கு எஃப் கீ நல்ல தேர்வு. டி-க்குப் பக்கத்து வீடு. ஆள்காட்டி விரல் சற்றே சாய்ந்தால் போதும். துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பதுதான் அதன் வழக்கமான வேலை, இழந்தாலும் ஆட்டத்துக்குக் கேடில்லை. எந்தக் கீயானாலும் முதலில் 'பைண்ட் எஃப்' என்பதுபோல் கீயின் பெயரோடு நிறுத்தி என்டர் தட்டிப் பார்ப்பது நல்லது. அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கன்சோல் காட்டும். புதுக் கட்டளை, பழையதைக் கேட்காமலே அழித்துவிடும்.

இனி பைண்ட், ஓர் இடைவெளி, மேற்கோள் குறிக்குள் எஃப், மீண்டும் இடைவெளி, மேற்கோள் குறிக்குள் ஸ்லாட்8. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். ஸ்லாட்டுக்கும் 8-க்கும் நடுவே இடைவெளி கூடாது. என்டர் தட்டியதும் புகைக்குண்டு எஃப்-க்கு வந்துவிடும்.

ஒரே கீயில் இரண்டு பொருள் வாங்கவும் முடியும். கவசமும் தலைக்கவசமும் 1,000 டாலர், புகைக்குண்டு 300. இரண்டு 'பை' கட்டளைகளுக்கும் நடுவே அரைப்புள்ளி இட்டு, மேற்கோள் குறியைக் கடைசியில்தான் மூட வேண்டும். அரைப்புள்ளிக்கு முன்பே மூடினால் இரண்டாவது கட்டளை கீயில் ஏறாது, அந்த நொடியே ஓடிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

குதிப்பதையும் எறிவதையும் ஒரே கீயில் கட்டும் பழைய வித்தையை மட்டும் மறந்துவிடலாம். 2024 ஆகஸ்டில் விளையாட்டைத் தயாரிக்கும் வால்வ் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் அதை முடக்கிவிட்டது.

கட்டளைகளை வேறு கணினிக்கும் கொண்டுபோக, நோட்பேடில் வரிக்கு ஒன்றாக எழுதி 'ஆட்டோஎக்ஸெக்.சிஎஃப்ஜி' என்ற பெயரில் விளையாட்டின் சிஎஃப்ஜி ஃபோல்டரில் சேமிக்கலாம். நோட்பேடு சத்தமில்லாமல் '.டிஎக்ஸ்டி' என்று ஒரு வாலை ஒட்டிவிடும். சேமிக்கும்போதே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிவிட வேண்டும். ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் கூட்டல் குறியோடு 'எக்ஸெக் ஆட்டோஎக்ஸெக்' என்று சேர்த்துவிட்டால், விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பு தானாக ஓடும்.