ஒருபருவப் பூச்செடிகளின் எளிய பராமரிப்பு

காசித்தும்பை, துலுக்கச் சாமந்தி எனப்படும் செண்டுமல்லி, ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவை ஒரே பருவத்தில் முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை முற்றியதும் மடிந்துபோகும் செடிகளாகும். தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர்ப் பக்கத்து அங்கத்தினர் பலர் இவற்றைப் பூத்த செடிகளாகவே விலை கொடுத்து வாங்கி நடுகின்றனர். சில வாரங்களில் பூ நின்றுவிடவே, ‘இந்த மண்ணுக்கு ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுகின்றனர். மண்மீது இவ்வாறு பழி சுமத்துதல் பெரும்பாலும் நியாயமன்று. தறியில் இறங்குமுன் காலையில் பத்து நிமிஷம் செலவிட்டாற் போதும். அதனை எதற்காகச் செலவிடுகிறோம் என்பதே கவனிக்கத்தக்கது.

இச்செடிகளின் வாழ்வு முழுவதும் விதையை நோக்கியே செல்கின்றது. விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் உணவை அங்கே செலுத்துகின்றது. புது மொட்டுகள் குறைகின்றன. வாடிய பூவை உடனுக்குடன் நீக்கிவிட்டால், விதையைப் பெறும்பொருட்டு மேலும் மேலும் பூக்கும். நீக்குவதிலும் முறை உண்டு. செண்டுமல்லியின் இதழ்களை மட்டும் உருவினால் பயனில்லை. விதை இருப்பது அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தில். அதனையும் சேர்த்துக் கிள்ளுதல் வேண்டும். ஜினியாவை, பூவுக்குக் கீழுள்ள இலைகளுக்குச் சற்று மேலே வெட்டினால், அவ்விலைகளின் இடுக்கிலிருந்து புதுக் கிளைகள் தோன்றும். வாடாமல்லிக்கு இவ்வளவு அவசரம் வேண்டுவதில்லை. பெயருக்கேற்ப அது செடியிலேயே பல நாள் நிறம் மாறாதிருக்கும். நட்ட ஒரு மாதத்தில் செண்டுமல்லியின் நுனியை ஒருமுறை கிள்ளிவிடலாம். முதற்பூ சில நாள் தாமதமாகும். ஆயினும் பக்கக் கிளைகள் பெருகும்.

இனி விதைக்கும் காலம். வடநாட்டைக் கருதி எழுதப்பட்ட தோட்ட நூல்கள் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கச் சொல்லும். நமக்கோ ஆண்டு மழையிற் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கின்றது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானதை இப்பகுதியில் எவரும் மறந்திரார். அத்தகைய பெருமழைகூட வேண்டாம். இரண்டு நாள் தேங்கும் நீரே இளநாற்றின் தண்டை அழுகச் செய்துவிடும்.

இதனை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்து முற்றத்தில் பூப்பாத்தி அமைக்க முனைந்தபோது, அங்கத்தினரான மூதாட்டி ஒருவர், தம் வீட்டில் ஆண்டுதோறும் விதையெடுத்துக் காத்துவந்த காசித்தும்பை விதையைக் கொணர்ந்தார். ‘மழை கொஞ்சம் ஓயட்டும் சார்’ என்றார். நானோ நூலை நம்பி, ஐப்பசி முதல் வாரத்திலேயே திறந்த பாத்தியில் தூவச் செய்தேன். முளைத்தவை அனைத்தும் அழுகின. அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. கார்த்திகைக் கடைசியில் மற்றொரு பொட்டலத்தை நீட்டினார். பாதி விதையை முன்னரே எடுத்துவைத்திருந்தார்.

ஆகவே, திறந்த பாத்தியில் விதைப்போர் கார்த்திகைப் பிற்பகுதி வரை பொறுத்தல் நன்று. பொங்கலுக்குச் செண்டுமல்லி வேண்டுவோர், ஐப்பசி நடுவில் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து, அடியில் துளையுள்ள தட்டுகளில் நாற்றுவிடலாம். மழையில் தாழ்வாரத்திலும் வெயில் கண்டபோது வெளியிலும் தட்டுகளை வைத்து, ஒரு மாதத்து நாற்றை மழை விட்ட நேரத்தில் நடுக. கோடைக்கு வாடாமல்லி, கோழிக்கொண்டை, பத்துமணிப்பூ ஆகியவை ஏற்றவை, மாசியில் விதைக்கலாம்.

பல்லாவரம், தாம்பரம் குன்றுகளையடுத்த சரளைச் செம்மண்ணில் நீர் நில்லாது. மக்கிய எரு மிகுதியாக வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பையும் ஏரிகளையும் ஒட்டிய களிமண்ணில் நீர் எளிதில் வடியாது. பாத்தியை அரையடி உயர்த்துக. யூரியாவை அள்ளி இடுவோர்க்கு இலைதான் மிஞ்சும். காலையில் வேரடியில் நீர் விடுதல் போதும். மாலையில் இலை நனைய ஊற்றினால் ஜினியாவில் இலைப்புள்ளி நோய் எளிதிற் பரவும். நெசவாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாயத்தொட்டி நீரைச் செடிக்கு ஊற்றலாகாது, அதிலுள்ள காரமும் உப்பும் வேரைக் கெடுக்கும். தறியில் மிஞ்சும் நூல் துண்டுகளோ, சாயும் செடியைக் குச்சியுடன் தளர்வாகக் கட்ட மிக ஏற்றவை.

விதை வேண்டுவோர் நன்கு பூத்த இரண்டு மூன்று செடிகளைக் குறித்து வைத்து, அவற்றின் சில பூக்களைக் கிள்ளாது விடுக. கலப்பின விதையிலிருந்து வந்த செடியின் விதை தாயைப்போல் வாராது. நாட்டு வகைகளுக்கே இம்முறை பொருந்தும். காசித்தும்பைக் காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்துச் சிதறும். தாவர நூலார் அதற்கு இம்பேஷன்ஸ், அதாவது பொறுமையற்றது, என்று பெயரிட்டதும் இதனாலேயே. காய் பருத்து, பச்சை வெளுக்கும் சமயத்தில் உள்ளங்கையால் மூடிப் பறித்து, விதையை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து, ஈரம் புகாத டப்பாவில் வைக்க. பொட்டலத்தின்மேல் செடியின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதிவைக்க மறவாதீர்கள். காய்ந்தபின் ஜினியா விதைக்கும் செண்டுமல்லி விதைக்கும் பெரிய வேற்றுமை தெரியாது என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு.