காப்புறுதிக் கோரிக்கை ஏன் திரும்பி வருகிறது?

சென்ற மாரியின் பின் ஒரு கமக்காரரின் மனைவி எமது பணியகத்துக்கு ஒரு கடிதத்துடன் வந்தார். வயலில் நின்ற கணவருக்கு எலிக்காய்ச்சல் வந்து, பொது வைத்தியசாலையில் பதினொரு நாட்கள் இருந்திருக்கிறார். கம்பனியோ கோரிக்கையை மறுத்து ஆங்கிலத்தில் மூன்றே வரி எழுதியிருந்தது. “நாலு வருசமாக் கட்டின காசு சுவாமி, ஏமாத்திப் போட்டாங்கள்” என்றார்.

பத்திரத்தை விரித்துப் பார்த்தோம். முன்னர் இருந்த நோய்கள் பற்றிய கேள்விக்கு “இல்லை” என்று பதில். வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டையிலோ “ஆறு வருடமாக நீரிழிவு” என்று இருந்தது. முகவரிடம் சலரோகத்தைச் சொன்னார்களாம். எழுதினால் சிக்கல் என்று அவரே “இல்லை” எனப் போட்டாராம். ஆனால் கீழே இருப்பது கணவரின் கையொப்பம். வாசிக்காத படிவமானாலும் கையொப்பம் கையொப்பமே.

காப்புறுதி எடுப்பவர், கம்பனியின் முடிவைப் பாதிக்கக்கூடியவற்றை மறைக்கக் கூடாது என்பது பழைய சட்டம். 1766 இல் இங்கிலாந்தின் நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு இதனை விளக்கினார். வழக்கு சுமாத்திராவிலிருந்த ஒரு கோட்டையைப் பற்றியது. அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி எடுத்தவரே என்பதைப் பலர் சொல்வதில்லை! நல்நம்பிக்கைக் கடமை இரு பக்கத்தாருக்கும் உரியது என்றே அவர் தீர்த்தார்.

எனவே முகவர் படிவம் நிரப்பும்போது, ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரை அருகில் இருத்திக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிப்பியுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியை வாங்கி வையுங்கள். முதல் மாதங்களில் சில நோய்களுக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. அதையும் அன்றே கேளுங்கள்.

அடுத்த தொல்லை பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, வைத்தியசாலை அட்டையில் தாதி காதால் கேட்டு எழுதியது மூன்றாவது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் விடுபட்டுப் போகும். 2016 முதல் வழங்கப்படும் அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கங்கள். பழையதற்கு ஒன்பதும் ஓர் ஆங்கில எழுத்தும். பத்திரத்தில் பழையதும் கோரிக்கையில் புதியதும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஆளை அனுமதிக்கும்போதே அடையாள அட்டையைக் காட்டிப் பெயரை எழுதுவிப்பது நல்லது. பிந்திவிட்டால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாதலால் காட்டுவதற்குப் பற்றுச்சீட்டு இராது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று படி தரும் பத்திரங்களில், அனுமதித்த திகதியும் துண்டு வெட்டிய திகதியும்தான் கணக்கு. அவை தெளிவாக உள்ளனவா என்று விடுதியை விட்டு வருமுன் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் திருத்துவிப்பது பெரும்பாடு. வெளியே மருந்து வாங்கினால் வைத்தியரின் சிட்டையும் கடையின் பற்றுச்சீட்டும் சோடியாக இருக்க வேண்டும். அட்டையின் மூலப்பிரதியைக் கம்பனியும் கேட்கும், கிளினிக்கும் கேட்கும். முதலில் பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கான கால எல்லை பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும்.

மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்தெறிய வேண்டாம். எந்த நிபந்தனையின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பனியின் இறுதிப் பதிலிலும் திருப்தி இல்லையெனில் கொழும்பிலுள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு முறையிடலாம்.

அந்தத் தாய்க்காக நாமும் எழுதினோம். எலிக்காய்ச்சலுக்கும் சலரோகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டோம். முகவர் செய்ததையும் குறிப்பிட்டோம். ஏழு மாதங்களின் பின் பாதித் தொகை வந்தது, “கருணைக் கொடுப்பனவு, உரிமையன்று” என்ற குறிப்புடன். இவ்வருடம் புதிய பத்திரத்தில் சலரோகம் என்று எழுதியிருக்கிறார்கள். கட்டுப்பணம் சற்றுக் கூடியுள்ளது.