பங்கிலிருந்து பங்கைக் கழித்தல்

பஞ்சாப், அரியானா மாநிலக் கிராமங்களில் நில உரிமைப் பதிவேட்டிற்கு ஜமாபந்தி என்று பெயர். தமிழ்நாட்டில் இச்சொல் ஆண்டுதோறும் நடைபெறும் வருவாய்த் தீர்வாயத்தைக் குறிக்கும். அங்கோ ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பித்து எழுதப்படும் பதிவேட்டையே குறிக்கிறது. பலர் கூட்டாக உடைய நிலத்தில் ஒவ்வொருவரின் உரிமையும் அதில் பின்னமாகவே பதிவாகிறது. வாரிசுரிமையாலோ விற்பனையாலோ பங்கு கைமாறும்போது, கிராமக் கணக்கரான பட்வாரி போடவேண்டிய கணக்குகளுள் முதன்மையானது பின்னக் கழித்தல். பள்ளிப் பாடம்தான்; ஆயினும் இதில் நேரும் பிழை ஒரு குடும்பத்தின் நிலத்தையே இடம் மாற்றிவிடக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 24 ஏக்கர் கொண்ட ஒரு கூட்டு நிலத்தில் ஒருவருக்கு 5/12 பங்கு உண்டு எனக் கொள்வோம். ஓர் ஏக்கருக்கு 8 கனால் வீதம் மொத்தப் பரப்பு 192 கனால். அவருடைய பங்கு 80 கனால். மொத்த நிலத்தில் 1/8 பங்கை அவர் விற்கிறார். எஞ்சுவது எவ்வளவு?

பாடம் புரியாத மாணவர் தொகுதியிலிருந்து தொகுதியையும், பகுதியிலிருந்து பகுதியையும் கழிப்பார். 5இல் 1 போக 4. 12இல் 8 போக 4. விடை 4/4, அதாவது 1. நிலத்தை விற்றவர் விற்ற பிறகு முழு நிலத்திற்கும் உரிமையாளராகிவிட்டார்! இவ்வளவு அப்பட்டமான பிழை உடனே கண்ணில் படும். ஆனால் இதே தவறான முறை வேறு எண்களில் நம்பத்தகுந்த விடையைத் தந்துவிடுவதும் உண்டு. அதுவே கூடுதல் ஆபத்து.

பிழையின் வேர் எங்கே உள்ளது? பின்னத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்ட இரு எண்களாகக் காண்பதில் உள்ளது. உண்மையில் மேலே உள்ள தொகுதி மட்டுமே எண்ணிக்கை. கீழே உள்ள பகுதி, எண்ணப்படும் துண்டின் அளவைச் சொல்லும் பெயர். முக்காலில் கால் போனால் அரை என்பதைப் பள்ளிக்குச் செல்லாதவரும் தயங்காமல் சொல்வர். முக்கால் என்ற சொல்லிலேயே மூன்று கால்கள் இருப்பதால், மூன்றில் ஒன்றைக் கழிப்பது எளிதாகிறது. பன்னிரண்டில் ஒரு துண்டும் எட்டில் ஒரு துண்டும் அவ்வாறு ஒரே இனத்தவை அல்ல. இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக மாற்றிய பின்னரே கழித்தல் பொருள்படும்.

12, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 24. ஆகவே 5/12 என்பது 10/24. 1/8 என்பது 3/24. கழித்தால் 7/24. நிலத்தில் சரிபார்ப்போம்: 80 கனாலில் 24 கனால் போக 56 கனால், 192இல் 7/24 பங்கும் 56தான். அலுவலர்க்கு இதைவிடப் பயனுள்ள சோதனை, வாங்கியவரின் பங்கையும் விற்றவரின் எஞ்சிய பங்கையும் கூட்டிப் பார்ப்பது. அது பழைய 5/12 ஆகவேண்டும்.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய நூலில், பின்னங்களின் பகுதிகளைச் சமமாக்கிக் கூட்டவும் கழிக்கவும் விதி உள்ளது. அவ்விதிப்படி ஒன்றின் பகுதியால் மற்றதைப் பெருக்கினால் 40/96 - 12/96 = 28/96; சுருக்கினால் அதே 7/24. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், மீச்சிறு பொது மடங்கைக் கொண்டு இவ்வுழைப்பைக் குறைத்தார். 1881இல் பெஷாவர் அருகே கிடைத்த பக்ஷாலி ஏட்டில் பின்னங்கள் இடைக்கோடின்றி மேலும் கீழுமாக எழுதப்பட்டுள்ளன. அவ்வேட்டில் கழித்தலுக்கு இட்ட குறி, இன்று நாம் கூட்டலுக்கு இடும் சிலுவைக் குறியை ஒத்திருப்பது வியப்புக்குரியது.

கழித்தலைப் பிழையின்றிக் கற்றவரும் தவறும் இடம் ஒன்று உண்டு. “1/8 பங்கு விற்கப்பட்டது” என்ற வாசகம் எதில் எட்டில் ஒன்றைக் குறிக்கிறது? மொத்த நிலத்திலா, விற்பவரின் பங்கிலா? பின்னதாயின் விற்றது 5/12இல் 1/8, அதாவது 5/96. எஞ்சுவது 40/96 - 5/96 = 35/96; பரப்பில் 70 கனால். முன்னர்க் கண்ட விடை 56. ஒரே வாசகத்தில் 14 கனால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர், வேறுபடுகிறது. கணக்குப் போடும் முன் பத்திரத்தின் வாசகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது பட்வாரியின் கடமை. வகுப்பறைகளில் இதற்குப் போதிய இடம் தரப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

கலப்புப் பின்னத்திற்கு அப்பகுதியின் பாசன முறையே நல்ல பாடம். வாராபந்தி எனப்படும் முறைவைப்பில், ஒரு வாய்க்கால் மடையின் கீழுள்ள உழவர்கள், வாரத்தின் 168 மணி நேரத்தைத் தத்தம் நிலப்பரப்புக்கேற்பப் பகிர்ந்து நீர் பெறுகின்றனர். ஒருவரின் முறை 3 1/4 மணி. 1 2/3 மணி கழிந்துவிட்டது. மீதி நேரம் என்ன? பின்னங்களை மாற்றினால் 3 3/12 - 1 8/12. 3இல் 8 போகாது. முழு எண்ணிலிருந்து ஒன்றைப் பிரித்து 12/12 ஆக்கிச் சேர்த்தால் 2 15/12 - 1 8/12 = 1 7/12. கடன் வாங்க மறந்து, 8இலிருந்து 3ஐக் கழிக்கும் மாணவர் 2 5/12 என்பார். கடிகாரத்தில் முதல் விடை 1 மணி 35 நிமிடம். இரண்டாவது 2 மணி 25 நிமிடம். இடையிலுள்ள 50 நிமிடம் அடுத்த வயலுக்குரிய நீர்.