காற்றில் ஓடும் சாண்டர்

போனக்காடு ஒரு மலையூர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரைக்கு மேலே உள்ளது. இங்கே தேயிலைத் தோட்டம் உண்டு. தோட்ட வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்தன. பிறகு தோட்டம் நலிந்தது. தேயிலைத் தொழிற்சாலை நின்றது. பலர் வெளியே வேலை தேடினர்.

இப்படி வேலை தேடுபவர்களுக்கு வண்டிப் பட்டறையும் ஓர் இடம். அங்கே வண்டியின் நசுங்கிய இடத்தில் பட்டி பூசுவார்கள். பட்டி காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். தேய்க்க உதவும் கருவி சாண்டர். காற்றில் ஓடும் சாண்டரைப் பற்றி அறிவோம்.

எப்படி ஓடுகிறது?

கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும். அந்தக் காற்று ஹோஸ் வழியாகச் சாண்டருக்கு வரும். சாண்டருக்குள் ஓர் உருளை உண்டு. உருளையில் மெல்லிய தகடுகள் உண்டு. காற்று தகடுகளைத் தள்ளும். உருளை சுற்றும். அதோடு அடியில் உள்ள பேடும் உப்புத்தாளும் சுற்றும்.

ஒரு பட்டறையில் இப்படிப் பேச்சு நடக்கிறது:

“ஆசானே, சாண்டர் மெதுவாகச் சுற்றுகிறது. கெட்டுப் போச்சு. புதுசு வாங்கணும்.”

“அவசரப்படாதே தம்பி. முதலில் காற்றைப் பார். பிறகு தண்ணீரைப் பார். அப்புறம் எண்ணெயைப் பார். கடைசியில் கருவியைக் குறை சொல்.”

ஆசான் சொல்வது சரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காற்று போதுமா?

பெரும்பாலான சாண்டர்களுக்கு 90 பவுண்டு அழுத்தம் வேண்டும். சாண்டர் ஓடும்போதே அழுத்தமானியைப் பாருங்கள். முள் வெகுவாக இறங்கினால் காற்று போதவில்லை. ஹோஸ் மெலிதாக இருக்கலாம். அல்லது மிக நீளமாக இருக்கலாம். எங்காவது காற்று ஒழுகலாம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடமே ஒழுகும் இடம். கம்ப்ரசர் சிறியதாக இருந்தாலும் காற்று போதாது.

2. தண்ணீர் சேர்ந்ததா?

மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் தொட்டியில் தண்ணீராகச் சேரும். தண்ணீர் சாண்டருக்குள் போனால் துரு பிடிக்கும். தொட்டியின் அடியில் வடிகால் திருகு உண்டு. தினமும் அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

3. எண்ணெய் விட்டீர்களா?

காற்றுக் கருவிக்கு என்று தனி எண்ணெய் உண்டு. வேலைக்கு முன் காற்று நுழையும் துளையில் 4 அல்லது 5 சொட்டு விடுங்கள். காற்று வெளியேறும் துளை அருகே துணியைப் பிடித்துச் சில நொடி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் மேல் எண்ணெய் தெறிக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. கெட்டியான எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

4. தூசி அடைத்ததா?

காற்று நுழையும் இடத்தில் சிறு சல்லடை இருக்கும். வெளியேறும் இடத்தில் சத்தம் குறைக்கும் பகுதி இருக்கும். இரண்டையும் சுத்தம் செய்யுங்கள்.

5. கை நடுங்குகிறதா?

பேட் கிழிந்திருக்கலாம். உப்புத்தாள் நடுவில் ஒட்டாமல் இருக்கலாம். இவை சரியாக இருந்தும் நடுக்கம் நிற்காவிட்டால் பேரிங்கைப் பாருங்கள். சாண்டரை அழுத்தித் தேய்க்காதீர்கள். அழுத்தினால் வேகம் குறையும். பட்டியில் கோடு விழும்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் வரவில்லையா? தகடுகள் தேய்ந்திருக்கலாம். பல சாண்டர்களில் தகடுகளை மட்டும் மாற்றலாம். புதுச் சாண்டர் வாங்கும் செலவு மிச்சம்.

உயிர் முக்கியம்

பேடைத் தொடும் முன் ஹோஸைக் கழற்றுங்கள். முகமூடியும் கண்ணாடியும் அணியுங்கள். பட்டித் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் நஞ்சு. உடம்பில் உள்ள தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். கண்ணும் காதும் கெடலாம்.

விடை சொல்லுங்கள்

1. ஆசான் முதலில் எதைப் பார்க்கச் சொன்னார்?
2. தொட்டியில் தண்ணீர் எப்படிச் சேருகிறது?
3. பேடைத் தொடும் முன் என்ன செய்ய வேண்டும்?
4. உங்கள் வேலை இடத்தில் தூசி உண்டா? அதைத் தடுக்க என்ன செய்யலாம்? கூடிப் பேசுங்கள்.